காரோடு வந்த திரையா, கண்ணாடியில் ஒட்டிய திரையா?

கோத்தகிரியில் வாடகைக் கார் தொழில் செய்கிறேன். வண்டி இரண்டு. ஒன்றில் கம்பெனியே டேஷ்போர்டில் பொருத்திக் கொடுத்த நேவிகேஷன் திரை இருக்கிறது. இன்னொன்று பழைய வண்டி. அதன் முன்கண்ணாடியில் சக்ஷன் கப் வைத்து ஒட்டிய ஐந்து இஞ்ச் கருவி. இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுவதால் "ரெண்டுல எதுங்க நல்லது?" என்று கேட்பவர்கள் நிறைய. புது கார் வாங்கப் போகிறவர், நேவிகேஷன் உள்ள மேல் வேரியன்ட்டுக்குக் கூடுதலாகப் பணம் கட்டலாமா என்று கேட்பார். வெளிநாட்டிலிருந்து மச்சான் கொண்டுவந்து கொடுத்த கருவியை என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்பார். போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பவர்கள்தான் அதிகம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

சமவெளியில் ஓட்டுபவர்களின் கணக்கு வேறு, எங்கள் கணக்கு வேறு. ஈரோட்டிலோ திருச்சியிலோ நேவிகேஷனின் வேலை எந்தச் சந்தில் திரும்புவது என்று சொல்வது. மலையில் சாலைகளே கொஞ்சம்தான். கோவைப் பக்கமிருந்து மேலே வர பர்லியார், குன்னூர் வழி ஒன்று, குஞ்சப்பனை, கோத்தகிரி வழி ஒன்று. காரமடையிலிருந்து கெத்தை, மஞ்சூர் வழியாக 43 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் சாலையைச் சேர்த்தால் மூன்று. வழி தவற வாய்ப்பு குறைவு. பிறந்து வளர்ந்த ஊரில் மேப் போட்டு ஓட்டுகிறானே என்று ஸ்டாண்டில் மூத்த டிரைவர்கள் கிண்டல் செய்வதும் அதனால்தான்.

எனக்கு அது தேவைப்படுவது மிஸ்ட்டில், அதாவது மூடுபனியில். அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை பிடித்துவிட்டால் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் பகலிலேயே மிஸ்ட் இறங்கிவிடும். போனெட் தெரியும், அதற்கப்பால் வெள்ளை. ஹை பீம் போட்டால் வெளிச்சம் நம் முகத்துக்கே திரும்பி வரும். அப்போது சாலை அடுத்து எந்தப் பக்கம் வளைகிறது, அது சாதாரண வளைவா கொண்டை ஊசியா என்று திரையில் ஒரு பார்வை பார்த்தால் போதும், கியரை முன்கூட்டியே குறைத்துவிடலாம். வேகத்தை முடிவு செய்ய வேண்டியது கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். நடுரோட்டில் நிற்கும் காட்டெருமையையும் லைட் போடாமல் வரும் ஜீப்பையும் எந்தக் கருவியும் காட்டாது. ஆனாலும் அடுத்த வளைவு தெரிந்து ஓட்டும்போது தோள் இறுக்கம் பாதியாகக் குறைகிறது.

குரலை நம்பி ஓட்டுபவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். பெரும்பாலான கருவிகளில் குரல் கொண்டை ஊசி வளைவைச் சொல்லாது. சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில்தான் அது வாய் திறக்கும். வளைவில் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை, இருப்பது ஒரே சாலை, அதனால் அதன் கணக்கில் அங்கே சொல்ல ஒன்றுமில்லை. கல்லாறு தாண்டிக் குன்னூர் ஏறுவதற்குள் 14 கொண்டை ஊசி வளைவுகள் வருகின்றன. "நேராகச் செல்லவும்" என்று கல்லாறில் சொல்லிவிட்டு 14 வளைவையும் மௌனமாகவே கடந்துவிடும். நேராகவாம்! ஆகவே மலையில் நமக்கு உதவுவது திரை மட்டும்தான். எந்தக் கருவி நல்லது என்ற கேள்வியையும் நான் இதை வைத்துத்தான் பார்க்கிறேன்: திரையில் நம் வண்டியைக் காட்டும் அம்பு சரியான இடத்தில் நிற்கிறதா, அடுத்த வளைவு ஒரே பார்வையில் தெரிகிறதா.

அம்பு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு வகைக் கருவிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதில்தான் இருக்கிறது. விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை. திரை அளவும் பாட்டு கேட்கும் வசதியும்தான் சொல்வார்கள்.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. நாம் இருக்கும் இடத்தைக் கணிக்கக் கருவிக்குக் குறைந்தது நான்கு கோள்களாவது தெரிய வேண்டும். 2000 மே மாதம் வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. அதை நிறுத்திய பிறகுதான் காருக்கு உதவுகிற அளவுக்குத் துல்லியம் கிடைத்தது. இன்று திறந்த வானத்தின் கீழ் நல்ல போனுக்கு ஏறத்தாழ 5 மீட்டர் வரை பிழை வரும். சமவெளிச் சாலைக்கு அது பொருட்டே இல்லை. மலையில் ஒரு பக்கம் செங்குத்தாகப் பாறை நிற்கும், அதனால் பாதி வானம் மறைந்துவிடும். எதிர்ச் சரிவில் பட்டுத் திரும்பும் சிக்னலும் கணக்கைக் குழப்பும். மேலே சோலை மரங்கள் கூடாரம் போட்டிருக்கும். பிழை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகிவிடும்.

இப்போது கொண்டை ஊசியை நினைத்துப் பாருங்கள். ஒரே சரிவில் சாலை மடிந்து மடிந்து ஏறுகிறது. மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் உயரத்தில் வித்தியாசம் இருக்கும், ஆனால் மேப்பில் பார்த்தால் இரண்டும் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி ஓடும் இரண்டு கோடுகள். எந்தக் கோட்டில் வண்டி இருக்கிறது என்று கருவி குழம்பத் தொடங்கும். உயரத்தை வைத்துப் பிரித்துப் பார்க்கலாமே என்றால் ஜி.பி.எஸ்.ஸில் உயரக் கணிப்பு இடக் கணிப்பைவிடப் பலவீனம். வழி காட்டும் கருவிகள் பெரும்பாலும் உயரத்தைப் பார்ப்பதும் இல்லை. எந்தக் கோடு கிட்டத்தில் இருக்கிறதோ அதில் அம்பைக் கொண்டுபோய் வைத்துவிடும். என் பழைய வண்டியில் இருக்கும் ஒட்டுக் கருவி இப்படி மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் தாவும். தாவியதும் நாம் எதிர்த்திசையில் போவதாக நினைத்துக்கொண்டு, முடிந்தால் யூ டர்ன் எடுக்கச் சொல்லும். பின்னால் அரசு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்க, முன்னால் பள்ளத்தாக்கு. எங்கே எடுப்பது?

கம்பெனி பொருத்திய திரை உள்ள வண்டியில் இது அரிதாகத்தான் நடக்கிறது. காரணம், நல்ல பில்ட்-இன் கருவி செயற்கைக்கோளை மட்டும் நம்பி இருப்பதில்லை. சக்கரம் எவ்வளவு உருண்டது என்ற தகவல் வண்டியிலிருந்தே அதற்குப் போகிறது. உள்ளே ஒரு ஜைரோ சென்சார் வண்டி எத்தனை டிகிரி திரும்பியது என்று சொல்கிறது. கொண்டை ஊசியில் வண்டி ஏறக்குறைய 180 டிகிரி திரும்புகிறது. திரும்பியாயிற்று என்றால் மேல் தட்டு, இன்னும் திரும்பவில்லை என்றால் கீழ்த் தட்டு. செயற்கைக்கோள் என்ன குழப்பினாலும் இந்தக் கணக்கு அம்பைப் பிடித்து நிறுத்திவிடும். சுரங்கப்பாதையில் அம்பு நிற்காமல் ஓடுவதும் இதனால்தான். எங்கள் மலையேற்றச் சாலைகளில் சுரங்கம் கிடையாது, இங்கே இருக்கும் 16 சுரங்கமும் மேட்டுப்பாளையம் மலை ரயிலுக்குத்தான். ஆனால் பாறைக்கு அடியிலும் அடர்ந்த மரத்துக்கு அடியிலும் ஓடுகிற சாலை கருவிக்கு அரைச் சுரங்கம் மாதிரிதான்.

எல்லா பில்ட்-இன் திரையிலும் இந்த வசதி இருக்கும் என்று நினைக்க வேண்டாம். கார் பார்க்கப் போகும்போது டெஸ்ட் டிரைவில் நீங்களே சோதிக்கலாம். கோவையில் ஏதாவது மாலின் அடித்தளப் பார்க்கிங்கில் இறக்கி ஒரு சுற்று ஓட்டுங்கள். வானமே தெரியாத அந்த இடத்தில் அம்பு வண்டியோடு சேர்ந்து திரும்பினால் சென்சார் கணக்கு இருக்கிறது. அம்பு வாசலிலேயே நின்றுவிட்டால், உங்களுக்கு விற்பது காசு அதிகம் கொடுத்து வாங்கும் ஒட்டுக் கருவிதான், என்ன, டேஷ்போர்டுக்குள் இருக்கிறது. டயர் அளவை மாற்றினாலோ பேட்டரியைக் கழற்றி மாட்டினாலோ இந்தச் சக்கரக் கணக்கு சில நாள் பிசகலாம். மேட்டுப்பாளையம், அன்னூர் பக்கம் திறந்த சாலையில் கொஞ்ச நேரம் ஓட்டினால் அதுவே சரிசெய்துகொள்ளும்.

போனைத் திரையோடு இணைக்கும் கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ இப்போது நடுத்தர விலைக் கார்களிலேயே வருகிறது. சில கார்கள் தங்கள் ஆன்டெனாவின் தகவலையும் வேகத் தகவலையும் போனுக்குக் கொடுக்கும். அப்படிப்பட்ட வண்டியில் போன் மேப்பே நன்றாக நிற்கும். இதையும் அதே அடித்தளச் சோதனையில் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்தது, எழுந்திருக்க ஆகும் நேரம். ஒட்டுக் கருவியை மாதக்கணக்கில் டிராயரில் போட்டுவிட்டு எடுத்தால் அது பழைய நினைவை இழந்திருக்கும். எந்தக் கோள் எங்கே இருக்கிறது என்ற முழு அட்டவணையை வானத்திலிருந்து இறக்க 12.5 நிமிடம் ஆகும், அந்தச் சிக்னலின் வேகம் விநாடிக்கு 50 பிட்தான். போனுக்கு இந்தத் தகவல் மொபைல் நெட்வொர்க் வழியாக உடனே கிடைத்துவிடுகிறது, அதனால்தான் சட்டென்று இடம் காட்டுகிறது. சிக்னல் இல்லாத இடத்தில் போனை ஆஃப் செய்து போட்டால் அதுவும் கொஞ்சம் திணறும். ஆகவே புறப்படும் இடத்திலேயே, வீட்டு வாசலில் வண்டி நிற்கும்போதே கருவியை ஆன் செய்து வையுங்கள். மரத்துக்கடியில் ஓடிக்கொண்டே இடம் பிடிக்கச் சொன்னால் நேரம் இன்னும் கூடும். போனில் நெட் இல்லாவிட்டால் ஜி.பி.எஸ். வேலை செய்யாது என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். நெட் தேவைப்படுவது மேப் படத்தை இறக்கவும் டிராஃபிக் பார்க்கவும்தான். படத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் ஏரோபிளேன் மோடில்கூட அம்பு ஓடும்.

சரி, திரைக்கு வருவோம். இதில் ஒட்டுக் கருவிக்குத்தான் என் ஓட்டு. கண்ணாடியின் கீழ் ஓரத்தில், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டினால் சாலையிலிருந்து கண்ணை எடுக்காத மாதிரியே பார்த்துக்கொள்ளலாம். டேஷ்போர்டுத் திரை சில கார்களில் கியர் லிவருக்கு மேலே அவ்வளவு தாழ்வாக இருக்கும். மிஸ்ட்டில் தலையைக் குனிந்து பார்க்கும் அந்த ஒரு விநாடி அதிகம். புதிதாக வரும் கார்களில் திரையை மேலே தூக்கி வைக்கிறார்கள், அது பரவாயில்லை.

பில்ட்-இன் திரையில் இன்னொரு தொல்லை உண்டு, மலைக்காரர்களுக்குத்தான் அது புரியும். திரையின் வெளிச்சம் ஹெட்லைட் சுவிட்சோடு சேர்ந்திருக்கும். ஹெட்லைட் போட்டால் இரவு என்று எண்ணிக்கொண்டு திரை மங்கிவிடும். பகல் மிஸ்ட்டில் சட்டப்படியும் புத்திப்படியும் லைட் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். சுற்றிலும் வெள்ளை வெளிச்சம், திரை மட்டும் கறுப்பு. மேப் மிக அவசியமான நேரத்தில்தான் அது கண்ணுக்குத் தெரியாமல் போகும். செட்டிங்ஸில் 'ஆட்டோ' என்று இருப்பதைப் 'பகல்' என்று நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். சில வண்டிகளில் மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டும் திருகைக் கடைசிவரை திருப்பினால் மங்குவது நின்றுவிடும். கார் டெலிவரி எடுக்கும் அன்றே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஷோரூம் பையன்களுக்கு இது தெரியாது என்றால் மேனுவலில் இருக்கும்.

ஒட்டுக் கருவியின் தொல்லை சக்ஷன் கப். குளிர்ந்த, ஈரம் படிந்த கண்ணாடியில் அது நிற்காது. காலையில் ஒட்டியது கட்டபெட்டு வருவதற்குள் மடியில் விழும். வெந்நீரில் நனைத்த துணியால் கண்ணாடியைத் துடைத்து உலர்த்தி, கப்பையும் கைச்சூட்டில் கொஞ்சம் வைத்திருந்து ஒட்டினால் நாள் முழுக்க நிற்கும். கண்ணாடியில் படியும் நீராவியைப் போக்க டீஃபாகரில் சூடான காற்று விடும்போது, அந்தக் காற்று நேராகக் கருவியின் முதுகில் அடிக்காதபடி இடம் பாருங்கள். அதைவிட மோசம், கீழே மேட்டுப்பாளையத்தில் மே மாத வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கருவியைக் கண்ணாடியிலேயே விட்டுவிடுவது. உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி வீங்கிவிடும். கழற்றி எடுக்கும்போது அந்த ஸ்டாண்டையும் சேர்த்து எடுங்கள், கண்ணாடியில் வட்ட அச்சு இருந்தால் அதையும் துடையுங்கள். உள்ளே கருவி இருக்கிறது என்று திருடனுக்கு விளம்பரம் வேண்டாம்.

எந்தத் திரையாக இருந்தாலும் மலைக்கு மூன்று மாற்றங்கள் செய்துகொள்ளலாம். வடக்கு மேலே இருப்பதை மாற்றி, வண்டி போகும் திசை மேலே வரும்படி வையுங்கள். முப்பரிமாணக் காட்சியை நிறுத்துங்கள், சாய்ந்த காட்சியில் கொண்டை ஊசியின் மடிப்பு நசுங்கி ஒன்றும் புரியாது. தானாக ஜூம் ஆவதையும் நிறுத்தி, நூறு மீட்டர் அளவில் நிலையாக வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த திருப்பம் இருபது கிலோமீட்டர் தள்ளி என்பதால் மொத்த மலையையும் திரையில் காட்டிக்கொண்டிருக்கும்.

மேப்பின் வயதைப் பற்றிச் சுருக்கமாக. பில்ட்-இன் கருவியின் மேப் எஸ்.டி. கார்டிலோ உள் நினைவகத்திலோ இருக்கும். கார் வாங்கிய அன்றே அது கொஞ்சம் பழசு. புதுப்பிக்க சர்வீஸ் சென்டர் போக வேண்டும், சில சமயம் காசும் கேட்பார்கள். ஒட்டுக் கருவியை வீட்டிலேயே கம்ப்யூட்டரில் செருகிப் புதுப்பிக்கலாம். 'வாழ்நாள் முழுதும் இலவச மேப்' என்று பெட்டியில் போட்டிருந்தால், அது கருவியின் வாழ்நாள். அதை முடிவு செய்வதும் அவர்களே. ஆனால் எங்கள் மலையில் சாலைகள் சீக்கிரம் மாறுவதில்லை. மழையில் சரிந்தால் மண்ணைத் தள்ளி, தடுப்புச் சுவர் கட்டி, அதே தடத்தில்தான் மறுபடி போடுவார்கள். வளைவைப் பார்க்க மட்டும் என்றால் ஐந்து வருடப் பழைய மேப்பும் போதும். கோவையின் மேம்பாலங்களுக்குள் நுழையும்போதுதான் பழைய மேப் பல்லிளிக்கும்.

வழியைத் தேர்ந்தெடுக்கும் வேலையை மட்டும் மலையில் எந்தக் கருவியிடமும் கொடுக்காதீர்கள். இது பில்ட்-இன், ஒட்டுக் கருவி, போன் மூன்றுக்கும் பொருந்தும். ஊட்டியிலிருந்து மைசூருக்கு வழி கேட்டால் கிலோமீட்டர் குறைவு என்று கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறக்கிவிடப் பார்க்கும். 36 கொண்டை ஊசி வளைவுகள், கடுமையான இறக்கம். பழக்கமில்லாதவர்கள் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கி, பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய் நடந்த விபத்துகள் ஏராளம். அதனால் நீலகிரியின் டி.என். 43 எண் இல்லாத வண்டிகளை அந்தச் சாலையில் இறங்க விடுவதில்லை. கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும். கூடலூர் வழியாகப் போனாலும் பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். 2009 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பழைய மேப் உள்ள கருவி இதெல்லாம் அறியாமல் இரவு பத்தரைக்குக் குண்டல்பேட்டை என்று அமைதியாக நேரம் போட்டுக் காட்டும்.

மே மாத சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிறவர்களைக் குன்னூர் வழியாகவும் இறங்குகிறவர்களைக் கோத்தகிரி வழியாகவும் ஒருவழியாகத் திருப்பிவிடுவார்கள். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். பாஸ் இல்லாமல் கல்லாறு வரை வந்துவிட்டுக் கருவியைத் திட்டிப் பயனில்லை.

குறுக்கு வழி ஆசை இன்னொரு பக்கம். 2024 ஜனவரியில் கூடலூரில் சுற்றுலா வந்து திரும்பிய ஒரு கார், போன் மேப் காட்டிய விரைவான வழியில் போய்ப் படிக்கட்டில் இறங்கி நின்றது. செய்தித்தாளில் படத்தைப் பார்த்திருப்பீர்கள். இங்கே இருப்பவர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. தேயிலைத் தோட்டங்களுக்குள் பச்சைத் தேயிலை ஏற்றும் டிராக்டர் போகிற மண் பாதைகள் எல்லாம் மேப்பில் சாலையாகவே தெரியும். கருவியின் செட்டிங்ஸில் 'குறைந்த தூரம்' என்று இருந்தால் 'குறைந்த நேரம்' என்று மாற்றுங்கள். 'மண் சாலைகளைத் தவிர்' என்று ஒன்று இருக்கும், அதையும் போட்டு வையுங்கள். இந்த இரண்டும் பழைய ஒட்டுக் கருவிகளில் தெளிவாக இருக்கும். போன் மேப்புகள் பலவற்றில் தேடினாலும் கிடைக்காது.

கருவி காட்டும் நேரத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏறுவது முன்னால் போகும் லாரியின் வேகத்தில்தான். மலையில் மணிக்கு 25 கிலோமீட்டர் என்று நானே கணக்குப் போட்டுக்கொள்கிறேன். அதற்கு முன்னால் வருவது எல்லாம் லாபம்.

ஒட்டுக் கருவி எனக்கு ஈடுகட்டும் இடம் ஒன்று இருக்கிறது. சீசனில் ஆக்டிங் டிரைவர் வைப்பேன். கோவை, திருப்பூர்ப் பையன்கள், நன்றாக ஓட்டுவார்கள், ஆனால் இந்தப் பக்கத்து ஹட்டிகளும் (படுகர் ஊர்கள்) எஸ்டேட் பங்களாக்களும் தெரியாது. கீழ்கோத்தகிரியில் ஒரு பங்களாவுக்கு கெஸ்ட்டை இறக்கப் போன தம்பி, "அண்ணா, ரோடு முடிஞ்சுபோச்சுங்க, தேயிலைக்குள்ள நிக்கிறேன்" என்று போன் செய்வான். அடுத்த நிமிடம் சிக்னல் போய்விடும். அப்புறம் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்தப் பங்களாவுக்குப் போனாலும் அதன் கேட்டிலேயே நின்று அந்த இடத்தை ஒட்டுக் கருவியில் சேமித்துவிடுவேன். முகவரி தேட வேண்டாம், பெயரை எந்த ஸ்பெல்லிங்கில் அடிப்பது என்று தவிக்கவும் வேண்டாம். ஊர்ப்பெயர் ஒன்றுக்கு நாலு ஸ்பெல்லிங் வைத்திருக்கிறார்கள். புதுப் பையன் எந்த வண்டியை எடுத்தாலும் அந்தக் கருவியைக் கையில் கொடுத்துவிடுவேன். பில்ட்-இன் திரையில் சேமித்தது அந்த வண்டியோடு போச்சு, வெளியே எடுக்க வழியில்லை. அந்த வண்டியை விற்கும்போது சேமித்த இடங்களையும் வீட்டு முகவரியையும் அழிக்க மறக்காதீர்கள்.

ஒட்டுக் கருவிகள் பலவற்றில் வந்த தடத்தைக் கோடாக வரையும் வசதி உண்டு. அதை எப்போதும் ஆன் செய்து வையுங்கள். மேப்பில் சாலையே இல்லாத தோட்டத்துக்குள் மிஸ்ட்டில் மாட்டிக்கொண்டால் அந்தக் கோட்டைப் பிடித்துத் திரும்பி வந்துவிடலாம்.

பணத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: கார் பிடித்திருந்து, மேல் வேரியன்ட்டில் கூடுதல் ஏர்பேக் போன்றவையும் வருகிறது என்றால் அதோடு வரும் நேவிகேஷனை மகிழ்ச்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். நேவிகேஷனுக்காக மட்டும் மேல் வேரியன்ட் போகாதீர்கள். கையில் பழைய போன் ஒன்று இருந்தால் அதில் நீலகிரி, கோவை, மைசூர் மேப்பை இறக்கி, நல்ல ஸ்டாண்டில் வைத்தாலே ஒட்டுக் கருவியின் வேலை நடந்துவிடும். இறக்கிய மேப்புக்குக் காலாவதி உண்டு, வைஃபையில் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். பேசும் போனையே மேப்புக்கும் வைப்பதுதான் எனக்குப் பிடிக்காது. வளைவின் நடுவில் கெஸ்ட் கூப்பிட்டால் மேப் மறைந்து அவர் பெயர் திரை முழுக்க வந்து நிற்கும்.

வெளிக்கடையில் ஆண்ட்ராய்டு திரை மாட்டுகிறவர்கள் இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள். அதோடு தீப்பெட்டி அளவில் ஒரு ஜி.பி.எஸ். ஆன்டெனா வரும். மாட்டுகிறவர் வேலை சீக்கிரம் முடிய அதைத் திரைக்குப் பின்னாலேயே இரும்புச் சட்டத்துக்கு அடியில் திணித்துவிடுவார். முன்கண்ணாடிக்குக் கீழே, டேஷ்போர்டின் மேல்பரப்பில் வானம் பார்க்க ஒட்டச் சொல்லுங்கள். மலையில் அம்பு தாவுவதில் பாதி இதனாலேயே குறையும். இன்னொன்று, வயரை வெட்டி ஒட்டக் கூடாது. வயரை வெட்டாமல் செருகுகிற, அந்தக் காருக்கான கப்ளர் கேளுங்கள், இல்லையென்றால் வாரன்டி சண்டை வரும். இந்தத் திரைகளில் பெரும்பாலும் சக்கரக் கணக்கு கிடையாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

செகண்ட் ஹேண்டில் ஒட்டுக் கருவி வாங்குகிறவர்கள், அல்லது மச்சான் கொண்டுவந்ததை வைத்திருப்பவர்கள், முதலில் அதில் இந்திய மேப் இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பாவில் வாங்கியதில் அந்தப் பக்கத்து மேப் மட்டும் இருக்கும். இந்திய மேப்பைத் தனியாக வாங்கும் விலையைக் கேட்டால் ஆசை அடங்கிவிடும். அடுத்தது தேதி. ஜி.பி.எஸ். வாரங்களை 1,024 வரைதான் எண்ணும், பிறகு பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். கடைசியாக அப்படித் திரும்பியது 2019 ஏப்ரல் 6-ஆம் தேதி இரவு. அதற்குப் பிறகு மென்பொருள் புதுப்பிக்காத பழைய கருவிகளில் சில, தேதியை ஏறக்குறைய இருபது வருடம் பின்னால் காட்டும், சில இடமே பிடிக்காது. கடைக்கு வெளியே திறந்த இடத்தில் கால் மணி நேரம் வைத்துத் தேதி சரியாக வருகிறதா என்று பாருங்கள். சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் மட்டும் ஓட்டியும் பாருங்கள். பத்து நிமிடம்கூடத் தாங்காவிட்டால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், வண்டியில் எப்படியும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில்தான் ஓடப்போகிறது. முதுகு உப்பியிருந்தால் மட்டும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.